ஆறு மணி நேரத்துக்கு ஒன்று

பிப்ரவரி 12, திங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். கீழ் வரிசை, இடப்பக்கம், கடைசியும் அதற்கு முந்தையதும். நேற்றுவரை என் வாயில் இருபத்தாறு பற்கள் இருந்தன. எழுபத்து நான்கு வயதுக்கு அது குறைவில்லை. புதன்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குகிறது. அதற்கு முன் இந்த வேலை முடிந்துவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு நேரம் வாங்கியிருந்தேன்.

பல் டாக்டரின் பெயர் நஸ்ரின். முப்பது வயதுகூட இருக்காது. கை சுத்தம், பேச்சு அதிகம். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். மிஸஸ் ஞானாதிக்கம் என்று கூப்பிடலாம் என்றேன். சரிங்க ஆன்ட்டி என்றாள். ஒரு வேர் வளைந்திருந்ததால் முக்கால் மணி நேரம் பிடித்தது. நான் சத்தம் போடவில்லை. இவ்வளவு பொறுமையான பேஷண்டைப் பார்த்ததே இல்லை என்றாள். பொறுமை ஒரு பழக்கம், அதைக் கான்வென்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் பஞ்சு இருந்தது.

சொல்லி அனுப்பியவை: மூன்று நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகி மூடிக்கொள்ளும். அது பெயர்ந்தால் அடியில் எலும்பு திறந்துகொள்ளும். கிருமிக்கான மாத்திரை காலையும் இரவும் ஐந்து நாள். வலிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்தபோது மதலேனா கூடத்தில் நின்றுகொண்டு, பஞ்சை மாற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்கும்படி பவுனுவிடம் சொன்னாள். மாற்றியாயிற்று என்று பவுனுவிடம் சைகையால் சொன்னேன். பவுனு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "இந்த வீட்டுல நான் வேலைக்காரியா, தபால்காரியா?" என்று கேட்டாள்.

டைரியை முன்பின் தெரியாதவர் படித்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பார் கான்வென்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த மதர் பெனடிக்டா. இது புது நோட்டு என்பதால் எழுதிவைக்கிறேன். மதலேனா என் கணவரின் தங்கை. அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். பவுனு பதினோரு வருடமாக வேலைக்கு வருபவள், பத்து மணிக்குப் போய்விடுவாள், இன்று எனக்காக இருந்தாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த ஐந்து வருடமாக நானும் மதலேனாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் என் அலமாரி சம்பந்தப்பட்டது. அதை எழுத அவசியமில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு வலி மாத்திரை. பன்னிரண்டு மணிக்கு வலி திரும்பிவிட்டது. அடுத்த மாத்திரை இரண்டு மணிக்குத்தான். இடையில் பதினாறு கைக்குட்டைகளை இஸ்திரி போட்டேன். இரண்டு மணிக்கு மாத்திரை. ஆறு மணிக்கு மறுபடியும் வலி. ஆக, அது நான்கு மணி நேரம்தான் வேலை செய்கிறது. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் வெளியூர் ட்ரங்க் கால்களுக்கு நேரம் பார்த்தவள் நான். என் கணக்கு தவறாது.

அவருக்கும் ஆறு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஐந்தரை மணிப் பூசை. புறப்படும் முன் உப்புத் தண்ணீரால் நான்கு முறை நன்றாகக் கொப்பளித்தேன். வாயில் இரத்தச் சுவை இருந்தது. நற்கருணை வாங்குகிற வாயில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. எட்டு வயதில் எங்களை முதல் நற்கருணைக்குத் தயார்செய்தபோது, மதர் பெனடிக்டா ஒவ்வொருத்தியையும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கவிட்டார். மூன்றாம் முறை கறுப்பாக ஏதோ தொட்டியில் விழுந்தது. நான்காம் முறை தண்ணீர் தெளிவாக வந்தது.

ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒன்றை விடுவேன். போன வருடம் காப்பி. அதற்கு முந்தைய வருடம் ரேடியோ. இந்த வருடம் ஈஸ்டர்வரை வலி மாத்திரை. வலியை வீணாக்காமல் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது பள்ளியில் நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று. இதைப் பெரிய ஒறுத்தல் என்று சொல்ல முடியாது, இரண்டொரு நாளில் ஆறிவிடுகிற புண். கிருமிக்கான மாத்திரை தொடரும், அது சிகிச்சை. மற்றது சௌகரியம்.

மீதி எட்டு மாத்திரைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பவுனுவிடம் சொன்னேன். சாயங்காலம் அங்கே இல்லை. மதலேனா எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கு எந்த வலியும் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

மாலையில் வலி கொஞ்சம் கூடியது. ஃபேன் காற்றாக இருக்கலாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஃபேன் காற்று இல்லை.

குழியிலிருந்து கிளம்பி, தாடை வழியாகக் காதுக்குள் போகிறது. காதிலிருந்து நெற்றிப்பொட்டு. துடிப்பதில்லை, விட்டுவிட்டும் வருவதில்லை. ஒரே சீராக இருக்கிறது. நாக்கால் தொட்டால் குழி காலியாக இருப்பது தெரிகிறது. நாற்றம் உண்டு. பல் துலக்கிய பின்னும் போகவில்லை.

கஞ்சி குடித்தேன். சிலுவைப் பாதைக்குப் போய் பதினான்கு இடங்களிலும் முழங்காலிட்டேன். ஒவ்வொரு முறை எழும்போதும் வலி ஒரு படி மேலே ஏறி, பிறகு தன் இடத்துக்கு வந்து நின்றது.

பிப்ரவரி 17, சனி

நஸ்ரின் விளக்கைப் போட்டுப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

"கொப்பளிச்சீங்களா ஆன்ட்டி?"

நான்கு முறை என்றேன். காரணத்தையும் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. அவள் கையுறையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க பெரியம்மா நோன்புல காதுக்குக்கூட மருந்து விட மாட்டாங்க. அவங்ககிட்டயும் நான் ஜெயிச்சதில்ல" என்றாள்.

எலும்பு திறந்து கிடக்கிறதாம். பிரசவ வலிக்கு அடுத்தபடி என்று பேஷண்டுகள் சொல்வார்களாம். எனக்கு ஒப்பிடத் தெரியாது என்றேன். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயில் நனைத்த துணித் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்தாள். திங்கட்கிழமை கட்டாயம் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும், அது உள்ளேயே கிடக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். மாத்திரை விட்ட விஷயத்தை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் வலி நின்றுவிட்டது. ஆட்டோவில் வரும்போது பாலக்கரையில் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வலி இல்லை. பூசையில் மனம் நிற்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

துணி மாற்றப் போகவில்லை. யோசித்துப் பார்த்தேன். மாத்திரை செய்கிற வேலையைத்தான் அந்தத் துணியும் செய்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்வது ஏமாற்று. உள்ளே இருப்பதன் மருந்து தானாகத் தீர்ந்துவிடும்.

க்ளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் வெளியூரில் இருப்பதாகச் சொல்லட்டுமா என்று பவுனு கேட்டாள். வரவில்லை என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

பிப்ரவரி 21, புதன்

மருந்து தீர்ந்துவிட்டது. வலி வந்துவிட்டது.

இன்று நேரம் குறித்துப் பார்த்தேன். காலை பத்து முதல் பன்னிரண்டுவரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று கவனித்தேன். எக்ஸ்சேஞ்சில் அந்த நேரத்துக்குள் நாற்பது ட்ரங்க் கால்கள் முடித்துவிடுவேன். முதல் அரை மணி நேரம் ஜெபிக்க முடிந்தது. அடுத்த அரை மணி நேரம் எண்ண முடிந்தது. அதற்குப் பிறகு கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. மனிதர் ஒருவர் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சமையலறைக் குழாயில் வாஷர் தேய்ந்துவிட்டது. மாற்ற ஆள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குத்தந்தை புதியவர், முப்பத்தைந்து வயதுக்குள். வலி மாத்திரை விட்டதைச் சொன்னேன். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒறுத்தலிலிருந்து விலக்கு உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார். விலக்குக் கேட்டு வரவில்லை என்றேன். "பின்ன என்ன சொல்ல வந்தீங்கம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். காக்கவைப்பது மரியாதை இல்லை. இரண்டு முறை கோபப்பட்டதை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

பவுனு என் அறைக்குள் வந்ததும் இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள். பிறகு மின்விசிறியைப் போட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருக்கினாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. நற்கருணையை நாக்கில்தான் வாங்குவேன். கையில் வாங்குவதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. சாமியார் அப்பத்தை நீட்டினார், அது பல்லில் பட்டு நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. பின்னால் யாரோ இருமினார்கள். கையை நீட்டினேன். அறுபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

வீட்டில் பவுனு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு பக்கம் கொழுக்கட்டையை அதக்கி வெச்ச மாதிரி இருக்கு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவள் இல்லை அவள். யார் வரச்சொன்னது என்று கேட்டேன். பின்னறைப் பக்கம் பார்த்தாள்.

காய்ச்சல் 100.8.

பிப்ரவரி 26, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரை மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மதலேனா வந்து எதிரே நின்றாள். பவுனு பக்கத்தில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மதலேனா அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணி, கன்னம் வீங்கி கழுத்துக்கு எறங்கிருக்கு. டாக்டர்கிட்ட போகணும்."

ஐந்து வருடத்தில் முதல் வார்த்தை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பவுனு துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டாள். நான் பவுனுவிடம், தேவையில்லை என்று சொல்லச் சொன்னேன்.

"அவளுக்கு எதுக்குச் சொல்றீங்க? நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள் மதலேனா. "மாத்திரையெல்லாம் அப்படியே இருக்கு. பன்னண்டு நாளா நீங்க ஒண்ணுகூட சாப்பிடல. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

தவக்காலம் என்றேன். வார்த்தை சரியாக வரவில்லை.

"தவக்காலம் வருஷா வருஷம் வருது. அண்ணன் நாலு மணி நேரம் மாத்திரையில தாங்கினாரு. மிச்சம் ரெண்டு மணி நேரம் உங்களுக்காகத் தாங்கினாரு. நீங்க இப்ப யாருக்காகத் தாங்குறீங்க?"

பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. அது வசதியாக இருந்தது. நான் தலையணை உறையை மடித்தேன். அதை ஏற்கெனவே மடித்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவள் போய் நஸ்ரினுக்கு போன் செய்தாள். நஸ்ரின் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கன்னத்தை அமுக்கிப் பார்த்தாள். ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. துணியை யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு மதலேனாவிடம் பேசினாள்: ஒன்பது நாளாகத் துணி உள்ளேயே கிடந்து சீழ் பிடித்திருக்கிறது, கழுத்துக்குள் இறங்கினால் மூச்சை அடைக்கும், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று ஒன்று கிடையாது.

மதலேனா என் பையில் இரண்டு நைட்டி, துண்டு, ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தாள். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் கை நீட்டவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். மூன்று மணிக்கு ஆபரேஷன் தியேட்டர்.

பிப்ரவரி 28, புதன்

தாடைக்குக் கீழே கிழித்துச் சீழை எடுத்திருக்கிறார்கள். ஒரு ரப்பர் குழாய் வெளியே தொங்குகிறது. அந்தத் துணியை ஒரு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கறுத்துச் சுருண்டு இருந்தது.

வலி ஊசி போடும்போது என் சம்மதத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

நர்ஸ் காலையும் மாலையும் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள். நான்கு என்றேன். மதலேனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எட்டு போட்டுக்கங்க" என்றாள். நர்ஸ் எட்டு என்று எழுதினாள்.

"பரீட்சை இல்லம்மா இது, கம்மியா வாங்கினா பரிசு கெடையாது" என்று என்னிடம் சொன்னாள். மதலேனா சிரித்தாள். ஆரஞ்சை அவளே தின்றாள். எனக்கு இன்னும் கூழ்தான்.

மார்ச் 2, சனி

மேலப்புதூருக்கு, வீட்டுக்கு வந்தாயிற்று. குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் கட்டு.

வாய் இன்னும் ஒன்றரை விரல் அளவுதான் திறக்கிறது. தசை இறுகிவிட்டதாம். பயிற்சி செய்யாவிட்டால் அப்படியே நின்றுவிடும். பயிற்சி இதுதான்: ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் செருக வேண்டும், தினமும் ஒரு குச்சி கூட்ட வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளை. இன்று ஏழு குச்சி. இருபத்தைந்து வர வேண்டும். வலி அடங்கியிருந்தால்தான் பயிற்சி செய்ய முடியும், ஆகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. அதை நான் ஏற்றுக்கொண்டேன். தவக்கால வாக்கு தவறியது என்று இங்கே குறித்துவைக்கிறேன்.

மருந்துச் சீட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. இடையில் வலித்தால் இன்னும் ஒன்று கொடுக்கலாம்.

மாத்திரைகள் மதலேனாவின் அறையில் இருக்கின்றன. வேளைக்கு ஒன்றைத் தண்ணீருடன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நாங்கள் மறுபடியும் பேசிக்கொள்வதில்லை. பவுனு மூலமாகவும் இல்லை. பவுனுவுக்கு இது பிடிக்கவில்லை. முன்னாடியாவது எனக்கு ஒரு வேலை இருந்துச்சு என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எட்டு குச்சி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குத் தாடையைத் தொட முடியவில்லை.

அலமாரி விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

அவருக்கு முதுகெலும்பில் புற்று. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ஃபோர்மேனாக இருந்தவர், ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காதவர். கடைசி மூன்று மாதம் படுக்கை. வலி மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இடையில் வலித்தால் இன்னும் ஒன்று கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. முதல் நாளே படித்தேன். மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு அட்டவணை போட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. நான்கு மணி நேரத்தில் அவர் கேட்க ஆரம்பிப்பார். அமலா, நேரம் ஆயிடுச்சா என்பார். இன்னும் இல்லை என்பேன். சரி என்பார். டாக்டர் அவ்வளவுதான் எழுதியிருக்கிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அவர் தெளிவான மனத்தோடு ஆண்டவரிடம் போக வேண்டும், மயக்கத்தில் போகக் கூடாது என்று நினைத்தேன். ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது. அதுவும் உண்மைதான். அட்டவணை கெடக் கூடாது என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி நான் குளிக்கப் போயிருந்தபோது மதலேனா சாவியை எடுத்துத் திறந்து அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டாள். நான் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கைகளை விரித்து. அப்படி அவர் தூங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்தத் தூக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் மாத்திரைகளை எண்ணப் போனேன்.

ஒன்று குறைந்தது. அன்று சாயங்காலம் என் தம்பி குடும்பமும் அவருடைய சித்தப்பா மகன்களும் கூடத்தில் இருந்தார்கள். எல்லோர் முன்பும் மதலேனாவைத் திருடி என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை அன்றிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். அட்டவணைப்படி.

மார்ச் 4, திங்கள்

காலை பத்து மணிக்கு மாத்திரை. பவுனு போய்விட்டாள். ஒரு மணிக்குப் பயிற்சி, ஒன்பது குச்சி. ஒன்பதாவது உள்ளே போனபோது ஏதோ விட்டதுபோல் இருந்தது. குச்சிகளை எடுத்த பிறகு வலி நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிவரை இருக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். இதைவிட மோசமாக இருந்தபோதும் இருந்திருக்கிறேன்.

ஒன்றே முக்காலுக்கு எழுந்து பின்னறைக்குப் போனேன். ஐந்து வருடமாக அந்த அறைக்குள் போனதில்லை. மதலேனா கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அவரோட சீட்டுல, இடையில ஒண்ணு குடுக்கலாம்னு எழுதியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுக்கல."

அவள் கோப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணி. மருந்து வாங்கப் போனது நான்தான். கடைக்காரர் ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாரு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு எல்லோர் முன்பும் திருடி என்று சொன்னபோது ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டேன்.

"அண்ணன் அடுத்த ரூம்ல முழிச்சுப் படுத்திருந்தாரு. கதவு திறந்திருந்துச்சு" என்றாள். "நான் சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. டாக்டர் எழுதல, அமலா என்ன பண்ணுவா பாவம்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. அப்படியே நெனச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நாடா மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. அவள் முடிச்சுப் போட்டாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. வெளியே யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க" என்றாள். "எனக்கு வராது."

"அதைக் கேக்க வரல."

"பின்ன?"

"வலிக்குது" என்றேன்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். அது பூட்டியிருக்கவில்லை. மாத்திரை பெரிது என்பதால் இரண்டாக உடைத்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

"வாயத் தெறங்க."

மூன்றே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தேன். ஒரு பாதியை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கினேன். அவள் கையில் இன்னொரு பாதி இருந்தது. அதற்கும் திறந்தேன்.